பலகையில் நின்ற டோக்கன்

சேக்காடு, ஆவடி
24-1-1972

அன்புள்ள அக்கா ராஜம்மாவுக்கும் வேலுசாமி மாமாவுக்கும் தம்பி உலகநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் லோகநாயகியும் சுகம். தங்கவயலில் பனி எப்படி, மாமாவின் இருமல் எப்படி என்று எழுதவும். வசந்தாவுக்கு மசக்கை வாந்தி நின்றதா என்று குணசேகரன் என்னை விட்டுக் கேட்கிறான். தன் பெண்டாட்டியைப் பற்றித் தானே எழுத அவனுக்கு வெட்கமாம்.

அக்கா, மாமாவின் தம்பி ஆயிற்றே என்று அவனை எங்கள் கம்பெனியில் சேர்த்து, வீட்டிலும் இடம் கொடுத்தேன். இப்போது நான் படும் பாடு கொஞ்சமல்ல. போன வாரம் ஆவடி ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை அனுமார் வால் மாதிரி நிற்கிறது. வண்டி வந்துவிட்டது. அம்பத்தூர் போகிற வரைக்கும் எவனும் டிக்கெட் கேட்கமாட்டான். நாங்கள் ஏறிவிட்டோம். இவன் வரிசையை விட்டு அசையவில்லை. "ஏறு மச்சான், எவன் கேக்கப் போறான்?" என்றேன். "கேக்காட்டி இன்னா மச்சான், ஏறுறது நாமதானே" என்கிறான். வண்டியும் போயிற்று, அவனுக்கு அரை நாள் சம்பளமும் போயிற்று.

எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். வரும்போது அவரவர் டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு ஒரு காவலாள் பக்கத்தில் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டே இருப்பான். "நாங்கள் என்ன திருடர்களா?" என்று சங்கம் சண்டை போட்டு அவனை எடுக்க வைத்தது. இப்போது நாங்களே மாட்டுகிறோம், நாங்களே எடுக்கிறோம். குணசேகரன் டோக்கனைச் சட்டையில் துடைத்து, சாமி படம் மாட்டுகிற மாதிரி மாட்டுகிறான். என்னோடு பெயிண்ட் செக்‌ஷனில் வேலை செய்கிற செங்கல்வராயன் அதைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. மாமாவை ராத்திரி ஷிப்டில் கம்பளி போட்டுக்கொண்டு போகச் சொல்லவும்.

தம்பி,
உலகநாதன்


மாரிக்குப்பம், தங்கவயல்
3-2-1972

பிரியமுள்ள தம்பி உலகநாதனுக்கு அக்கா ராஜம்மாவின் ஆசி. உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் பிழைத்துக் கிடக்கிறோம். வசந்தாவுக்கு வாந்தி நின்று இப்போது மாங்காய்க்கு அலைகிறாள் என்று அந்த வெட்கக்காரனிடம் சொல்.

நீ நீளமாக எழுதினால் எனக்குப் பயம். சின்ன வயதில் பால்கோவாவைத் திருடித் தின்றுவிட்டு, பூனை வந்த கதையை அரை மணி நேரம் சொன்னவன் நீ. என்ன செய்துவிட்டு எழுதுகிறாயோ தெரியவில்லை.

டோக்கன் விஷயத்தில் கொழுந்தனைக் கேலி செய்யாதே என்று உன் மாமா சொல்லச் சொன்னார். இங்கே சுரங்கத்தில் இறங்குகிறவன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் இறங்குகிறான். ஷிப்டு முடிந்து பலகையில் ஒன்று நின்றுவிட்டால் ஒருவனும் வீட்டுக்குப் போவதில்லை, திரும்ப இறங்கித் தேடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். சட்டையில் துடைத்துத்தான் மாட்டுவான்.

லோகநாயகியைக் கேட்டதாகச் சொல். வெயில் ஆரம்பிக்கும் முன் இருவரும் ஒரு நடை வந்து போங்கள்.

அக்கா,
ராஜம்மா


சேக்காடு
11-4-1972

அன்புள்ள அக்கா, மாமாவுக்கு உலகநாதன் வணக்கம். சுகம் கேட்டு எழுதக்கூடிய நேரமா இது. வசந்தா சாப்பிடுகிறாளா, அதை மட்டும் எழுதவும்.

நீங்கள் காரியம் முடித்துப் போனதிலிருந்து வீடு வீடாக இல்லை. குணசேகரனின் பெட்டியும் இரண்டு சட்டையும் மாமாவிடம் கொடுத்துவிட்டேன், மறந்தது ஒன்றுமில்லை.

மாமா போகிற போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் ஏன் உள்ளே போனான்?" என்று கேட்டார். அன்று எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அதனால் நேரில் பார்த்துச் சொல்ல வழியில்லை. கேட்டதைத்தான் எழுதுகிறேன். பெயிண்ட் செக்‌ஷனில் தின்னர் பீப்பாய் பற்றிக்கொண்டது. எல்லோரும் டோக்கனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். பாக்கிங் செக்‌ஷனிலிருந்து குணசேகரனும் வந்துவிட்டான். பிறகு என்ன நினைத்தானோ, எரிகிற ஷெட்டுக்குள் ஓடினான். கூரை விழுந்துவிட்டது. பலகையில் டோக்கன் ஒன்றும் இல்லை, உள்ளே ஆள் யாரும் இல்லை என்று மேஸ்திரி எழுதிக்கொடுத்திருக்கிறார்.

மாதக்கணக்காகப் பித்தளைத் துண்டுகள் காணாமல் போகின்றன என்று ஆபீசில் ஒரு பேச்சு இருந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டு ஒரு ரிப்போர்ட்டு எழுதிவிட்டார்கள். நான் நம்பவில்லை. ஆனால் மனிதன் மனதில் என்ன இருந்தது என்று யாரால் சொல்ல முடியும் அக்கா? செத்தவனைப் பற்றி இனி எதற்குக் கிளற வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உலகநாதன்


மாரிக்குப்பம்
19-4-1972

தம்பி உலகநாதனுக்கு ராஜம்மா எழுதுவது. வசந்தா சாப்பிடுகிறாள், வயிற்றில் இருக்கிறதுக்காக. மாமா வேலைக்குப் போகிறார். நான் சுகமா என்று நீ கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறாதவன் பித்தளை எடுக்க நெருப்புக்குள் ஓடினான் என்று எழுதி, "யாரால் சொல்ல முடியும்" என்று கேட்கிறாயே. உன்னால் சொல்ல முடியும். ஒரே சட்டியில் சோறு தின்றவன் நீ. நான் நம்பவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஆனால் போடுகிறாய். அந்த ஆனாலை எங்கிருந்து எடுத்தாய்?

இந்த ரிப்போர்ட்டுச் சேதி எனக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் நேற்று ஒருத்தி, "எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்னு போயிருப்பான்" என்று வசந்தா காதுபடச் சொன்னாள். குடத்தைப் போட்டுவிட்டு வந்தவள் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

உன் மாமா இரண்டு நாளாக ஒன்றையே சொல்கிறார். "பலகை காலியா இருந்தா எம் தம்பி உள்ள போவமாட்டான். சின்ன வயசுலர்ந்து பலகையப் பார்த்தவன். பலகையில ஒண்ணு இருந்துச்சு, அதனாலதான் போனான்." யாருடைய டோக்கன் இருந்தது என்று விசாரித்து எழுது. செங்கல்வராயன் அங்கேதானே இருந்தான், அவனைக் கேள்.

ராஜம்மா


சேக்காடு
28-5-1972

மரியாதைக்குரிய அண்ணிக்கு லோகநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்கள் மூவருக்கும் வேம்புலியம்மன் துணை இருக்கட்டும்.

உங்கள் தம்பி பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தார், மடித்து வைத்தார், அன்றிலிருந்து எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று நாள் கடத்துகிறார். ராத்திரி தூங்குவதில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைக்கிறார். அந்த நெருப்புக்குள்ளிருந்து தப்பி வந்த மனிதருக்கு வேறு எப்படி இருக்கும்? மயிரிழையில் பிழைத்தேன் என்று என்னிடம் சொன்னார். என் தாலி பிழைத்ததற்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். நம் பிள்ளை போன வீட்டில் கூழ் ஊற்றினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, மன்னிக்கவும்.

செங்கல்வராயன் அண்ணன் அடிக்கடி வந்து போகிறார். அவரும் நல்ல மனிதர். நெருப்புப் பற்றிய அன்று சாயங்காலமே வந்து இவருடைய டோக்கனைக் கொடுத்துவிட்டுப் போனார். இருவரும் வெளியே நின்று வெகுநேரம் பேசினார்கள். இவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வசந்தாவுக்கு நான் தைத்த சின்னச் சட்டை இரண்டு வைத்திருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

லோகநாயகி


மாரிக்குப்பம்
4-6-1972

உலகநாதனுக்கு.

இங்கே நலம். அங்கே நலமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

என்னிடம் காய்ச்சல் என்றாய். லோகநாயகியிடம் நெருப்புக்குள்ளிருந்து பிழைத்தேன் என்றாய். காய்ச்சலில் படுத்தவன் எப்படி நெருப்பில் தப்பினாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட ஒரே சோற்றில்தான் மறைப்பான். நீ வீட்டுக்கு ஒரு சோறு வடிக்கிறாய். அவளைத் திட்டாதே, அவள் உன்னை நம்பி எழுதினாள்.

நீ உள்ளே இருந்து ஓடி வந்திருந்தால் உன் டோக்கன் உன் கையில் இருக்கும். நீ வேலைக்கே போகாமல் இருந்தாலும் உன் கையில்தான் இருக்கும். செங்கல்வராயன் கையில் அது எப்படிப் போயிற்று? இந்த ஊரில் ஒருவன் டோக்கனை இன்னொருவன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். லோகநாயகிக்கு அது தெரியாது. வாங்கி ஆணியில் மாட்டியிருப்பாள்.

கொழுந்தன் பார்த்த டோக்கன் யாருடையது உலகநாதா? நான் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆண்டவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ராஜம்மா


சேக்காடு
9-7-1972

அக்காவுக்கு.

சுகம். சுகமறிய ஆவல்.

நீ போலீஸ் மாதிரிக் கேள்வி கேட்கிறாய். கூடப் பிறந்தவன் மேல் இவ்வளவு சந்தேகம் ஆகாது. இரண்டு விதமாகச் சொன்னது என் தப்புதான். மனம் குழம்பிக் கிடந்தது. டோக்கன் நெரிசலில் கீழே விழுந்திருக்கும், அவன் எடுத்து வந்திருப்பான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உனக்கு உன் துக்கம். எங்களுக்கு இங்கே நரகம். கம்பெனியில் இரண்டு காவலாட்களைப் போட்டுவிட்டார்கள். டிபன் டப்பாவைத் திறந்து கிளறிப் பார்க்கிறார்கள். பாக்கிங்கில் இருக்கும் முத்தம்மாளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தித் தடவிப் பார்த்தார்கள், அவள் அழுதுகொண்டே வேலைக்கு வந்தாள். உள்ளே போனதும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி நெருப்புப் பற்றினால் எல்லோரும் சேர்ந்து வேக வேண்டியதுதான். கக்கூசுக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். சங்கத்தில் பேசப் போனால் மானேஜர், "உங்களை நம்பித்தானே பலகையை விட்டோம்" என்கிறார். சங்கத் தலைவருக்கு வாயில்லை.

அடுத்த மாதம் கடைசியில் விசாரணை வருகிறதாம். யார் வந்து என்ன. போன உயிர் வரப்போவதில்லை. விட்டுவிடு அக்கா.

உலகநாதன்


மாரிக்குப்பம்
20-7-1972

உலகநாதனுக்கு.

இங்கே யாவரும் உயிரோடு இருக்கிறோம்.

மானேஜர் கேட்டதற்கு உங்கள் தலைவருக்கு ஏன் வாயில்லை? மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். காவலாள் வேண்டாம் என்று சண்டை போட்டு வாங்கினீர்கள். வாங்கினதை யார் விற்றுத் தின்றது என்று நான் சொல்ல வேண்டுமா? அந்த முத்தம்மாள் என்ன பாவம் செய்தாள்? அவள் தன் டோக்கனைத் தானே மாட்டினவள். அவள் முந்தானையை உதறிக் காட்டுகிறாள், உதற வேண்டியவர்கள் நரகம் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

போன உயிர் வராது. எனக்கும் தெரியும். ஆனால் வசந்தாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பிறக்கிறது நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும். "உங்கப்பன் எப்படி செத்தான்?" என்று எவனாவது கேட்பான். திருடப் போய்ச் செத்தான் என்பதா பதில்? எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல்லை அழிப்பதுதான். உன் வேலை, உன் மானம், உன் கூட்டாளி எல்லாவற்றையும் நீ வைத்துக்கொள். அந்தச் சொல்லை மட்டும் அவன் மேலிருந்து எடு.

விசாரணைக்கு நானும் மாமாவும் வருகிறோம். உன் எதிரில்தான் உட்காருவேன்.

ராஜம்மா


மாரிக்குப்பம்
17-9-1972

தம்பி உலகநாதனுக்கு அக்கா ராஜம்மா.

வசந்தாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தைக்கு அப்பன் ஜாடை, நெற்றி அப்படியே அவன்தான். லோகநாயகியின் சட்டை அளவாக இருக்கிறது என்று சொல். அவளுக்கு என் ஆசி.

விசாரணையில் நீ எழுந்து நின்றாய். "டீ குடிக்க வெளியே போனேன். டோக்கனை எடுக்காமல் போனது என் தப்பு. என் டோக்கன் பலகையில் இருந்ததால்தான் என்னைத் தேடிக் குணசேகரன் உள்ளே போனான். அவன் திருடனில்லை" என்றாய். ரிப்போர்ட்டிலிருந்து அந்தச் சொல்லை அடித்துவிட்டார்கள். உன்னைக் கொஞ்ச நாள் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். உன் மாமா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாரே, அது நிஜம். நானும் அழுதேன், அதுவும் நிஜம். குழாயடியில் அந்தப் பொம்பளையை நிறுத்திச் சொல்லிவிட்டேன். சொன்னபோது வசந்தா என் பக்கத்தில் நின்றாள்.

ஆனால் என் புத்தி இருக்கிறதே, அது சும்மா இருக்காது. டீக்கடைக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு ரோடுதான், நான் கண்ணால் பார்த்தேன். கூரைவரை எரிந்த நெருப்பை அங்கே நின்றவன் பார்க்காமலா டீயை ஊதிக் குடித்தான்? பாதிக் கிணறு தாண்டிவிட்டு நிற்கிறாய் என்று தோன்றுகிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, இனி கேட்கக் கூடாது என்றுதான் ரயிலில் வரும்போது நினைத்தேன்.

நான் கேட்கவில்லை. வசந்தா கேட்கிறாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நேற்று சொன்னாள்: "அண்ணன் டீக்குப் போனத ஒருத்தர்கூடவா பாக்கல? அவ்ளோ பேர் சுத்தி நின்னாங்களே, அவரு உள்ள இல்லன்னு ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? தெரிஞ்சா சொல்லிருப்பாங்கல்ல." அவளுக்குப் பதில் எழுது.

ராஜம்மா


சேக்காடு
22-10-1972

அக்காவுக்கு உலகநாதன்.

குழந்தையின் சுகத்தைக் கேட்டு எழுத ஆசை. கேட்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று நீயே இதைப் படித்த பிறகு சொல்.

வசந்தா கேட்டதற்கு ஒரு மாதமாகப் பதில் தேடினேன். நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் செங்கல்வராயனைக் கூட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னேன். அவனும் இத்தனை நாள் என்னிடம் முழுசாகச் சொல்லவில்லை.

டீக்கடை பொய். அன்று நான் ஆவடியில் பகல் ஆட்டம் சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெயிண்ட் செக்‌ஷனில் ஒரு முறை வைத்திருந்தோம். ஒருவன் வேலைக்கு வராமல் சொந்தக் காரியம் பார்ப்பான். இன்னொருவன் அவன் டோக்கனை மாட்டுவான், மற்றவர்கள் அவன் வேலையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அடுத்த தடவை வேறு ஒருவன். முதலாளிக்கு நஷ்டமில்லை, வேலையும் நிற்கவில்லை, இதில் என்ன தப்பு என்று இருந்தோம். ஒத்தாசை என்றுதான் அதற்குப் பேர். அன்று என் முறை. செங்கல்வராயன் என் டோக்கனை மாட்டினான். குணசேகரன் பாக்கிங்கில் இருந்தான். அவன் குணம் தெரிந்து அவனுக்கு மட்டும் நாங்கள் சொல்லவில்லை. காலையில் நான் தனக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டேனா என்று அவன் கம்பெனி வாசலில் தேடியிருக்கிறான், பலகையில் என் டோக்கனைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறான்.

நெருப்புப் பற்றியதும் எல்லோரும் டோக்கனை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். என்னுடையது மட்டும் நின்றது. குணசேகரன் அதைப் பார்த்துவிட்டு, "உலகநாதன் மச்சான் எங்க?" என்று கேட்டான். யாரும் பேசவில்லை. ஒவ்வொருவனாகச் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "இன்னாய்யா வாயடச்சி நிக்கிறீங்க, மச்சான் எங்கய்யா?" என்று கத்தினான். கை எட்டுகிற தூரத்தில் மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே இல்லை என்று எவனாவது சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். செங்கல்வராயன் என்னிடம் சொன்னது இது: "வேற எவனாச்சும் சொல்லுவான்னு பார்த்துகினு இருந்தேன் மாமே. அவனுங்களும் என்னையே பார்த்துகினு இருந்தானுங்க. அதுக்குள்ள அவன் ஓடிட்டான்."

அவன் ஓடின பிறகுதான் செங்கல்வராயன் பலகையிலிருந்து என் டோக்கனை எடுத்து மடியில் போட்டிருக்கிறான். மேஸ்திரி திரும்பிப் பார்த்தபோது பலகை காலி.

இதை விசாரணை அதிகாரியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. இனி வருமா என்றும் தெரியவில்லை. கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். காலையில் காவலாள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை.

வசந்தாவிடம் நீயே சொல்லிவிடு, நான் எழுதினேன் என்றே சொல். அவன் உலுக்கிக் கேட்ட எல்லோருக்கும் நான் உள்ளே இல்லை என்று தெரியும்.

உலகநாதன்